கேளாச் செவியின் புகழுரை

இகழ்வதற்கு ஆராய்ச்சி வேண்டும், புகழ்வதற்கு மனமிருந்தால் போதும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி நிற்கிறது. பிழை என்பவனிடம் சான்று கேட்கிறோம். பெருமை என்பவனிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஆராயாத புகழ்ச்சி, ஆராயாத இகழ்ச்சியின் உடன்பிறப்பு என்பதே என் துணிபு. இதனை மெய்ப்பிக்க நம் இலக்கியத்திலிருந்து ஒருவரைச் சான்றாகக் காட்டினால், உடனே கட்சி கட்டிக்கொண்டு வாதிடத் தொடங்கிவிடுவோம். ஆதலின், நமக்குச் சார்போ பகையோ இல்லாத ஒரு துறைக்குச் செல்வோம். அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு வழங்கிய ஜாஸ் இசையில், தெலோனியஸ் மங்க் என்னும் பியானோக் கலைஞரின் இசைத்தட்டுகள் பெற்ற திறனாய்வை எடுத்துக்கொள்வோம்.

மங்க் 1917-இல் வட கரோலினா மாநிலத்தில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். 1947-இல், தம் முப்பதாம் வயதில்தான், புளூ நோட் நிறுவனத்தின் வாயிலாகத் தம் பெயரில் இசைத்தட்டு வெளியிடும் வாய்ப்பைப் பெற்றார். அன்றைய திறனாய்வாளர் பலர், இவருக்கு விரல் நுட்பம் போதாது என்று தீர்ப்பு வழங்கினர். லெனர்ட் ஃபெதர் என்னும் புகழ்பெற்ற திறனாய்வாளர் 1949-இல் வெளியிட்ட தம் நூலிலும் இக்குறையையே எழுதினார். 1951-இல் போதைப்பொருள் வழக்கொன்றில் சிக்கி, நியூயார்க் இரவு விடுதிகளில் வாசிப்பதற்கான உரிமச் சீட்டை மங்க் இழந்தார். அது 1957 வரை மீளவில்லை. 1955-இல் ரிவர்சைடு நிறுவனம், அவரது பழைய ஒப்பந்தத்தை முடித்துத் தன்பால் அழைத்துக்கொள்ளச் செலுத்திய தொகை ஏறத்தாழ 108 டாலர்! கலைஞர் ஒருவருக்குச் சந்தை இட்ட விலை அவ்வளவே.

பின்னர்க் காற்று திசை மாறியது. 1957-இல் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் ஜான் கோல்ட்ரேனுடன் அவர் வாசித்ததைக் கேட்கக் கூட்டம் திரண்டது. 1962-இல் கொலம்பியா என்னும் பெருநிறுவனம் அவரை ஏற்றது. 1964 பிப்ரவரியில் டைம் இதழின் அட்டையில் அவர் முகம் இடம்பெற்றது. இகழ்ந்த இடத்தில் புகழ் நிரம்பியது. ஆனால், எதைப் புகழ்ந்தார்கள்? அவருடைய விதவிதமான தொப்பிகளை. வாசிப்பின் நடுவே எழுந்து ஆடிய ஆட்டத்தை. எவரோடும் பேசாத மௌனத்தை. 'விரல் வராதவர்' என்று இகழப்பட்டவர், 'விரல் நுட்பம் தேவைப்படாத ஞானி' என்று போற்றப்பட்டார்.

இங்கேதான் நாம் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவ்விரு தீர்ப்புகளும் எதிரெதிரானவையா? அல்ல. மங்குக்கு வாசிக்கத் தெரியாது என்பதை இரண்டுமே ஒப்புக்கொள்கின்றன. ஒன்று அதற்காகத் தண்டித்தது. மற்றொன்று அதற்காக மாலை சூட்டியது. இரண்டும் ஆளைப் பார்த்தன, இசைத்தட்டைக் கேட்கவில்லை.

பிறரைக் குறைகூறும் முன் என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில், நண்பர் ஒருவரின் ஒலிநாடாவில் முதன்முதலாக மங்கைக் கேட்டேன். "தவறான கட்டைகளை அழுத்துகிறாரே!" என்று நகைத்தேன். சில ஆண்டுகள் கழித்து, அவரைப் பெருங்கலைஞர் என்று புகழும் கட்டுரைகளைப் படித்துவிட்டு, நானும் வாயாரப் புகழத் தொடங்கினேன். இடையில் ஒருமுறைகூட அந்த ஒலிநாடாவை மீண்டும் கேட்கவில்லை! என் நகைப்பு அறியாமை என்றால், என் புகழ்ச்சி பொய்யன்றோ? முன்னதைவிடப் பின்னதற்கே இன்று அதிகம் நாணுகிறேன்.

பின்பு கேட்டேன், பலமுறை கேட்டேன். கேட்டவன் சொல்லக்கூடியவை எவை?

'தெலோனியஸ்' என்னும் 1947-ஆம் ஆண்டுப் பதிவில் மெட்டு பெரும்பாலும் ஒரே சுரத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. அடியில் ஒத்திசைச் சுரங்கள் மாறிக்கொண்டே செல்கின்றன. அசையாத ஒன்று, தன்னைச் சூழ்ந்தவை அசைவதால் புதிதுபுதிதாக ஒலிக்கிறது. 1951-ஆம் ஆண்டின் 'ஸ்ட்ரெய்ட், நோ சேசர்' பன்னிரண்டு தாள அளவுகளுக்குள் அடங்கும் எளிய ஆக்கம். ஒரு சிறு சொற்கட்டு நீண்டும் குறுகியும் தாளத்தில் இடம்பெயர்ந்தும் திரும்பத் திரும்ப வருகிறது. எங்கே விழும் என்று செவி எதிர்பார்க்கிறதோ, அங்கே அது விழுவதில்லை. இது தடுமாற்றமா? திட்டமில்லாமல் இப்படித் தடுமாற எவராலும் இயலாது.

நான் நகைத்த அந்தத் 'தவறான கட்டை'களையும் பார்ப்போம். வீணையில் தந்தியை இழுத்து இரு சுரங்களுக்கு இடைப்பட்ட ஒலியை எழுப்பலாம். பியானோவில் அது இயலாது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஒன்றுமில்லை. மங்க் அடுத்தடுத்த இரு கட்டைகளை ஒருசேர அழுத்தி, ஒன்றை விடுவித்து மற்றொன்றை ஒலிக்கவிடுவார். கறுப்பின மக்களின் பாடல்களில் குரல் வளைந்து செல்லும் அந்த இடைவெளி ஒலியை, வளையாத கருவியிலிருந்து வரவழைக்கும் வழி அது. பிழையென்று நாம் சிவப்பு மையால் சுழித்த இடமே பொருள் செறிந்த இடம்.

நுட்பம் போதாது என்பார் 1965-இல் வெளிவந்த 'சோலோ மங்க்' இசைத்தட்டைக் கேட்கட்டும். ஹார்லெம் பகுதியின் பழம்பெரும் பியானோக் கலைஞர்களைப் போல், இடக்கை கீழ்ச்சுரத்துக்கும் நடுச்சுரங்களுக்கும் தாவித்தாவி நடை போடுகிறது. நுட்பம் தேவைப்படாத ஞானி என்பார் 1956-இல் பதிவான 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்' ஆக்கத்தைக் கேட்கட்டும். மெதுவாகச் செல்லும் மெட்டு திடீரென இருமடங்கு விரைவு பெறுகிறது, மீண்டும் தளர்கிறது. சானி ராலின்ஸ், மேக்ஸ் ரோச் முதலிய வல்லுநர்கள் கூடி இருபத்தைந்து முறை முயன்றும் முழுமையாக ஒருமுறைகூட வாசித்து முடிக்க இயலவில்லை. பகுதிகளை ஒட்டியே பதிவை நிறைவு செய்தனர். அத்துணைக் கடுமையான நுட்பத்தைப் பிறரிடம் வேண்டியவரையா நுட்பம் கடந்தவர் என்பது?

குணமும் குற்றமும் நாடி மிகுதியானதைக் கொள்ளச் சொன்ன வள்ளுவர் வழிவந்த நாம், குற்றத்தையும் மறைத்தல் ஆகாது. கொலம்பியா ஆண்டுகளில் மங்க் புதிதாக ஆக்கியவை குறைவு. பழைய ஆக்கங்களையே மீண்டும் மீண்டும் வாசித்தார். இதைச் சொல்வதால் அவர் சிறுமையடையார். இதைச் சொல்ல அஞ்சும் புகழுரைதான் சிறுமையடையும்.

1982-இல் மங்க் மறைந்தார். 2005-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஓர் ஒலிநாடா கண்டெடுக்கப்பட்டது. 1957 நவம்பரில் கார்னகி மண்டபத்தில் மங்கும் கோல்ட்ரேனும் இணைந்து வாசித்த நிகழ்ச்சி அது. 47 ஆண்டுகளுக்கு மேல் எவர் செவிக்கும் எட்டாமல் கிடந்திருக்கிறது. அதில் தொப்பி இல்லை, ஆட்டம் இல்லை, ஒலி ஒன்றே உண்டு. அது இசைத்தட்டாக வெளிவந்தபோது எழுந்த பாராட்டே, எண்ணிப்பார்த்தால், கேட்டபின் எழுந்த பாராட்டு. 2006-இல் புலிட்சர் குழுவினர் அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கினர். பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

"இசை உணர்வதற்கு உரியது, பிய்த்துப் பார்ப்பதற்கு உரியதன்று" என்று சிலர் மறுக்கக்கூடும். உணர்ந்தவனுக்குத் தான் எங்கே உணர்ந்தான் என்று காட்ட முடியாதா? இந்த அடியில் நெஞ்சு நின்றது, இந்த இடத்தில் செவி திடுக்கிட்டது என்று சுட்ட முடியாதவன், உணர்ந்தான் என்பதற்கு வேறு சான்று ஏது?

ஆசிரியப் பெருமக்களே! நம் வகுப்பறைகளில் கவிதை நயம் எழுதும் மாணவன், "கவிஞர் மிக அருமையாகப் பாடியுள்ளார்" என்று தொடங்கி, "போற்றத்தக்கது" என்று முடிக்கிறான். நடுவே கவிதை இல்லை. நாமோ சொல்லழகைக் கண்டு மதிப்பெண் இடுகிறோம். அவனுக்குப் பொய்யுரைக்கக் கற்பித்தவர்கள் நாமே. இனி அவனிடம் ஒரே ஒரு வினா தொடுப்போம்: "எந்த இடத்தில்?" அவன் விரல் வைத்துக் காட்டட்டும். காட்டிய இடம் தவறாயினும் பாதி மதிப்பெண் இடலாம். அவன் படித்திருக்கிறான் என்பதற்கு அது சான்று. காட்டாத புகழுரை எத்துணை அழகாயினும், அதற்குச் சுழியம் இடும் துணிவு நமக்கு வேண்டும்.