ப்ளஸ் ஒன்னில் விட்ட பயாலஜி

நீங்களும் என்னை மாதிரி கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்து பயாலஜிக்கு டாட்டா காட்டினவங்கதானே? இதைக் கேளுங்க. 2019-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், 6.5 முதல் 8.5 நாள் வரையான எலிக் கருக்களில் இருந்து 1,16,312 செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த ஜீன் வேலை செய்கிறது என்று படித்தார்கள். ரத்தம், இதயம், மூளை எல்லாம் கிளை பிரிய ஆரம்பிக்கிற நேரம் அது.

ஆனால் பிரித்துவிட்டால், செல் எங்கே இருந்தது என்பது தொலைந்துவிடும். காந்திபுரத்தில் இறங்கியவர்களின் டிக்கெட்டை மட்டும் வைத்து பஸ் ரூட்டை வரைகிற மாதிரிதான். எது எதிலிருந்து வந்தது என்பதைக் கணக்குதான் சொல்லணும்.

அந்த டேட்டா இலவசம். ஃபைனல் இயருக்கு இன்னொரு ஸ்மார்ட் டஸ்ட்பின் எதுக்குங்க? நான் டைட்டிலை மாத்திட்டேன். "இது நம்ம டிபார்ட்மென்ட் இல்லையே" என்றார் கைடு. கணக்கு நம்ம டிபார்ட்மென்ட்தானே சார்?