மூலம் என்று மூடி வைக்காதீர்!

பால் வெட்டும் கத்தி கையில் பட்டு ரத்தம் வந்தால் உடனே ஓடிப் போய்க் கட்டுப் போடுகிறோம். செம்பனை முள் குத்தினால் பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடக் காட்டுகிறோம். ஆனால் மலத்தோடு ரத்தம் போனால் மட்டும் கட்டின மனைவியிடம்கூட வாய் திறப்பதில்லை. "மூலம்தான், உடம்புச் சூடு. ரெண்டு நாளு மோர் குடிச்சா சரியாப் போயிடும்" என்று நமக்கு நாமே வைத்தியம் பார்த்துக்கொள்கிறோம்.

அது மூலமாகவே இருக்கலாம். பலருக்கு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மூலமா, மலக்குடலில் புற்றுநோயா என்பதை ரத்தத்தைப் பார்த்து நாமே முடிவு கட்ட முடியாது. டாக்டர் பரிசோதித்தால்தான் தெரியும். அந்தப் பரிசோதனைக்கு முன்னால் போகிறோமா, பின்னால் போகிறோமா என்பதில்தான் உயிர் இருக்கிறது. இதை நான் சும்மா சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் இந்தக் கணக்கையே போட்ட ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர் சொல்லியிருக்கிறார்.

அவர் பெயர் கத்பர்ட் டியூக்ஸ். 1890இல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டனில் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை என்று ஒன்று உண்டு. மலக்குடல் நோயால் துன்பப்படும் ஏழைகளுக்கென்றே 1835இல் பிரெடரிக் சால்மன் என்ற அறுவை மருத்துவர் ஏழே படுக்கைகளோடு தொடங்கியது அது. வெளியே சொல்ல வெட்கப்படும் நோய்க்குத் தனி ஆஸ்பத்திரி! பெரிய எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸுக்கே 1841இல் பவுத்திர நோய்க்கு அறுவை செய்தவர் இந்தச் சால்மன்தான். மயக்க மருந்து வராத காலம் அது. இந்த நோய் ஏழை, பணக்காரன் பார்ப்பதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்த மருத்துவமனைக்கு 1922இல் டியூக்ஸ் வந்து சேர்ந்தார். அவர் கத்தி பிடிக்கும் டாக்டர் அல்லர். மற்றவர்கள் அறுத்தெடுத்த குடலைச் சோதனைக்கூடத்தில் வைத்து, நோய் எதுவரை போயிருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. நம்மில் யாருக்கும் பிடிக்காத வேலைதான். ஆனால் அவர் ஒவ்வொன்றையும் பார்த்து எழுதி வைத்தார். அந்த நோயாளி பிறகு எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்றும் குறித்து வைத்தார்.

1932இல் அவர் வெளியிட்ட கணக்கு, மலக்குடல் புற்றுநோயை மூன்று படியாகப் பிரித்தது. நோய் குடல் சுவருக்குள்ளேயே இருந்தால் 'ஏ'. சுவரைத் துளைத்து வெளியே போய்விட்டால் 'பி'. பக்கத்திலுள்ள நெறிக்கட்டிகளுக்குப் பரவிவிட்டால் 'சி'. அவ்வளவுதான். படிக்காதவருக்கும் விளங்கும் கணக்கு. உலகமெங்கும் டாக்டர்கள் பல பத்தாண்டுகள் இதைத்தான் பின்பற்றினார்கள். இன்று அந்த இடத்தில் இன்னும் விரிவான முறை வந்துவிட்டது. ஆனாலும் அதன் அடிப்படை டியூக்ஸ் போட்டதுதான்.

1958இல் அவரும் அவருடைய உதவியாளர் பஸ்ஸியும் சேர்ந்து அறுவைக்குப் பின் ஐந்தாண்டு பிழைத்தவர்களின் கணக்கை வெளியிட்டார்கள். வேறு நோயால் இறந்தவர்களைத் தள்ளிப் பார்த்தபோது, 'ஏ' படியில் வந்தவர்களில் நூற்றுக்கு 98 பேர் போல் பிழைத்தார்கள். 'பி' படியில் 78 பேர். 'சி' படியில் 32 பேர்தான்!

தோழர்களே, இந்த எண்களை இன்னொரு தடவை படியுங்கள். அதே ஆஸ்பத்திரி, அதே நோய். பணமோ, படிப்போ, ராசியோ அல்ல, நோய் எந்தப் படியில் இருக்கும்போது வந்தார்கள் என்பதே பெரிய வித்தியாசம். இன்று மருந்தும் அறுவையும் எவ்வளவோ முன்னேறிவிட்டன. பரவிய பிறகு வந்தவர்களும் முன்னைவிட அதிகம் பிழைக்கிறார்கள். ஆனாலும் முன்கூட்டி வந்தவனுக்கே வாழ்வு என்ற விதி மாறவில்லை. நம் மலேசியாவிலோ குடல் புற்றுநோயோடு வருகிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வருகிறார்கள் என்று 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவு சொல்கிறது.

மேலே சொன்ன பஸ்ஸியைப் பற்றியும் பாட்டாளிகளாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் டாக்டராக வந்தவர் அல்லர். இளம் வயதில் சோதனைக்கூட உதவியாளாக டியூக்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தவர். சில குடும்பங்களில் பெருங்குடல் முழுக்க நூற்றுக்கணக்கில் மருப் போன்ற சதை முளைகள் தோன்றும். கவனிக்காமல் விட்டால் அது புற்றுநோயில்தான் முடியும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரக்கூடியது. அந்தக் குடும்பங்களுக்காக 1924இல் செயின்ட் மார்க்ஸில் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். அப்பனுக்கு என்ன, அத்தைக்கு என்ன என்று கேட்டுக் கேட்டு அதை ஆண்டுக்கணக்கில் காத்து வந்தவர் பஸ்ஸி. 1975இல் அவரே அந்த நோயைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1987இல் அந்த நோய்க்கான மரபணு இருக்கும் இடத்தை விஞ்ஞானிகள் கண்டுபிடித்து எழுதிய கட்டுரையில் பஸ்ஸியின் பெயரும் இருந்தது. டியூக்ஸ் அதற்குப் பத்தாண்டு முன்னே, 1977இல் காலமாகிவிட்டார்.

அந்தப் பரம்பரை நோய் அபூர்வமானது. ஆனால் பஸ்ஸி கேட்ட கேள்வி நம் எல்லாருக்கும் பொருந்தும். "தாத்தா வயித்து வலி வந்து போயிட்டாரு" என்கிறோமே, அது என்ன வயிற்று வலி? அப்பா, அம்மா, அண்ணன், தங்கை யாருக்காவது குடலில் புற்றுநோய் இருந்திருந்தால், ஐம்பது வயது வரை காத்திராமல் முன்னதாகவே டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிப் போன மலப்போக்கு, போய் வந்தும் போகாதது போன்ற உணர்வு, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, ரத்தம் குறைந்து முகம் வெளுத்துச் சோர்வது — இவற்றில் எது இருந்தாலும் வயது பார்க்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள்கூட 50 வயதிலிருந்து 75 வரை அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் மலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். சின்ன டப்பா கொடுப்பார்கள். கொஞ்சம் மலத்தை எடுத்துக் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் அது காட்டிவிடும். ரத்தம் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பார்கள். புற்றாக மாறுவதற்கு முன்பே சதை முளையை அங்கேயே எடுத்துவிடவும் முடியும்.

"எல்லாம் சரி, ஒரு நாள் சம்பளம் போகுமே" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், எம்.சி. உள்ள நோயாளிக்குச் சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18, 22 நாள் சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது. ஆனால் நோய் வருமுன் பார்த்துக்கொள்ளப் போகிறவர் நோயாளி அல்லவே! அவருக்கு எம்.சி. எங்கே கிடைக்கும்? படுத்த பிறகு லீவு, படுக்காமல் காக்க லீவு இல்லை. இது என்ன கணக்கு?

ஆகவே என் கருத்து இதுதான். ஐம்பது வயது தாண்டிய ஒவ்வொரு தொழிலாளிக்கும் இந்தப் பரிசோதனைக்குப் போய்வரச் சம்பளத்தோடு நேரம் வேண்டும் என்று கிளைகள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். பதிவேட்டைக் கையில் வைத்திருந்த ஓர் உதவியாள் குடும்பங்களைத் தேடித் தேடிக் காப்பாற்றியிருக்கிறார். கிளைச் செயலாளர்களிடமும் உறுப்பினர் பதிவேடு இருக்கிறது. அதில் ஐம்பது தாண்டியவர் யார் யார் என்று பார்த்து, அடுத்த கூட்டத்தில் நேராகக் கேளுங்கள்: "அண்ணே, டப்பா வாங்கிட்டீங்களா?"

தாய்மார்களே, நீங்களும் வீட்டில் கேளுங்கள். உங்களுக்கும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.