பதிவேட்டிற் பெயர் மறைவதெங்ஙனம்?

பழைய மாணவர் சங்கத்தின் உயிர்நாடி அதன் பெயர்ப் பதிவேடே. மண்டபமும் விழாவும் பின்னர் வருவன. விழாவாண்டை ஒட்டி அப்பதிவேட்டைக் கணினியில் ஏற்றவேண்டுமென்னுங் குரல் கட்டுகஸ்தோட்டை அன்பர்களிடையே வலுத்துள்ளது. நாமும் அதனை வரவேற்கின்றோம். ஆயின், கணினி வந்ததும் பதிவேட்டுத் தொல்லைகள் ஒழியுமெனக் கருதுவோர்க்குச் சில சொல்ல விரும்புகின்றோம்.

1970ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த எட்கர் கொட் என்பார் தொடர்புநிலைத் தரவுத்தளத்துக்கு அடிகோலினார். தரவுகளைத் தனித்தனி அட்டவணைகளில் வைத்துப் பொதுவானதோர் இலக்கத்தால் இணைத்தல் அதன் நெறி. உறுப்பினர் பெயர் ஓர் அட்டவணை. சந்தா மற்றோர் அட்டவணை. உறுப்பினர் இலக்கம் இரண்டையும் பிணைக்கும். வேண்டியதை வினவலாற் பெறலாம். தொல்லை விளைவது அவ்வினவலிலேதான்.

விழா அழைப்பிதழ் அனுப்புதற்கு முகவரிப் பட்டியல் வேண்டி, இரு அட்டவணைகளையும் உள்ளிணைப்பால் இணைத்து வினவுகின்றோம் என்க. இரண்டிலும் உள்ளவர் மட்டுமே விடையில் வருவர். சந்தா கட்ட இயலாத அன்பர் பட்டியலில் இரார். பிழைச் செய்தி எதுவுந் தோன்றாது. அவர் விடுபட்டமையை எவரும் அறியார். இடது வெளியிணைப்பால் வினவியிருப்பின் அவரும் வந்திருப்பார். சந்தாப் புலம் மட்டும் வெறுமையாயிருக்கும்.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. சந்தா கட்டாதார் யாவர் என அறிய, 'நொட் இன்' என்னுஞ் சொல்லாட்சியால் வினவுவது வழக்கம். சந்தா அட்டவணையில் ஒரேயொரு வரியில் உறுப்பினர் இலக்கம் எழுதப்படாதிருந்தாற் போதும் (கூட்டத்திலே பணத்தைக் கையிற் கொடுத்துவிட்டுப் போனவர் ஒருவரது வரி என வைத்துக்கொள்வோம்), 'ஒருவருமில்லை' என்பதே விடையாகும். தனாதிகாரி அகமகிழ்வார்! வெற்றுப்புலம் பூச்சியமன்று, அறியப்படாதது என்பதே அதன் பொருள். அவ்வரி எவருடையதாகவும் இருக்கலாமாதலின், எவரையும் கட்டாதவரென உறுதிகூறக் கணினி மறுக்கின்றது. 'நொட் எக்சிஸ்ற்ஸ்' என வினவின் இவ்விடர் இல்லை. வெற்றுப்புலத்தைத் தேடுங்காலும் சமன்குறி பயன்படாது. 'இஸ் நல்' என்றே கேட்டல்வேண்டும்.

இனி முதன்மைச் சாவி. தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே சாவியாகக் கொள்ளலாமென்பாரை நாம் வன்மையாக மறுக்கின்றோம். பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருந்தன. 2016 முதல் வழங்கப்படுவதில் 12 இலக்கங்கள். இரண்டையுங்கொண்டு இருமுறை பதிந்தவர் இருவராகிவிடுவார். இது திருத்தக்கூடிய பிழை. மற்றொன்று அத்தகையதன்று. அவ்வட்டை 1972இலேதான் வழங்கப்படலாயிற்று. அதுவும் இந்நாட்டுக் குடியுரிமையுடையோர்க்கே. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்குரியோர் என வகுத்தது. மலையகத் தோட்டங்களை விட்டுத் தலைமன்னாரிற் கப்பலேறி, நீலகிரியிலே கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களிற் குடியேறிய குடும்பங்கள் பல. அக்குடும்பத்துப் பிள்ளைகள் நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அட்டை இலக்கமின்றிப் பதிவில்லை என விதிப்போமாயின் அவர்களுக்கு நம் பதிவேட்டில் இடமேது? சங்கமே வழங்குந் தொடரிலக்கம் சாவியாகட்டும். அட்டை இலக்கம் வெறுமையாய் விடத்தக்கதோர் புலமாக இருக்கட்டும்.

பெயர்களை யூனிக்கோட் தமிழிற் பதிதல் நன்று. பாமினி எழுத்துருவில் தட்டியவை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய்த் தோன்றும். யூனிக்கோட்டிலும் குறியெண் வரிசைப்படி ஜெயராசா ஞானசேகரத்துக்கு முன் நிற்பார். அகரவரிசையைச் சோதித்தே அச்சிடல்வேண்டும்.

காப்புப் பிரதியைப் பற்றி நம்மவர் காட்டும் அசட்டை அச்சந் தருகின்றது. 2021 யூலையில் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அழிந்து, விடயம் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை சென்றது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரச முகிற்கணினி தாக்கப்பட்டபொழுது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளவில்லை. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. அரசின் நிலையே இதுவாயின், ஓய்வுநேரத்திற் பணிசெய்யும் நம் செயலாளர் நிலை யாதாகும்? தாக்குவோர் வரவேண்டியதுமில்லை. நீக்கற் கட்டளையில் நிபந்தனை விடுபடின் அட்டவணை முழுதும் ஒரு நொடியில் வெறுமையாகும். அத்தகைய கட்டளையைப் பின்வாங்கத்தக்க பரிமாற்றமாகத் தொடங்கி, நீங்கும் வரிகளின் தொகையைக் கண்ட பின்னரே உறுதிசெய்தல் வேண்டும்.

செயற்குழுவிலே பதிவேட்டுக் காப்பாளரெனத் தனிப் பதவி ஒன்று வேண்டுமென்பது எம் கருத்து. ஒரு பிரதி கல்லூரியிலும், இணையத் தொடர்பற்ற மற்றொன்று மகாவலிக்கு அப்பால் வேறூரிலும் இருத்தல்வேண்டும். காலாண்டுக்கொருமுறை பிரதியை வேறொரு கணினியில் மீட்டு, உறுப்பினர் தொகையைக் கைப்பதிவேட்டோடு ஒப்பிடுதல் அவர் கடன். மீட்டுப் பாராத பிரதியை நாம் பிரதியெனக் கொள்வதில்லை. கைப்பதிவேடோ எனின், அலுமாரியிலேயே இருக்கட்டும். திறப்பு மட்டும் இருவரிடம் இருத்தல் நலம்.