லேப் வைரத்தைப் போலி என்று சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

கல்யாண வீடுகளில் இப்போது புதிதாக ஒரு சண்டை. பெண் வீட்டார் போட்ட தோடு 'லேப் வைரம்' என்று தெரிந்ததும், "போலியைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள்" என்கிறார்கள். நம் சொந்தத்திலேயே ஒரு பெண் இந்தப் பேச்சைக் கேட்டு அழுதிருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

கற்கண்டு எப்படிச் செய்கிறார்கள்? சர்க்கரையை வெறும் சட்டியில் உருக்கினால் கருகிவிடும். தண்ணீரில் கரைத்துப் பாகு காய்ச்சி, நூலைத் தொங்கவிட்டு, ஆட்டாமல் வைத்தால் படிகமாகக் கட்டும். உருக்க முடியாததைக் கரைத்து வளர்ப்பது, அவ்வளவுதான்.

வைரமும் கார்பன்தான். சாதாரண அழுத்தத்தில் அதை உருக்க முடியாது. காற்றில்லாமல் மிக அதிகமாகச் சூடேற்றினால், பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டாக மாறிவிடும். தண்ணீரில் கரையாது. ஆனால் உருகிய இரும்பு, நிக்கல், கோபால்ட்டில் கார்பன் கரையும். அந்த உலோகக் குழம்புதான் இங்கே பாகு. சின்ன வைரத் துணுக்கு ஒன்றுதான் நூல். சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் வெப்பம், காற்றழுத்தத்தைப் போல 50,000 மடங்குக்கு மேல் அழுத்தம். சூடான பக்கம் கரையும் கார்பன், சற்றுச் சூடு குறைந்த பக்கம் இருக்கும் துணுக்கின் மேல் வைரமாகப் படிகிறது.

இந்தத் துறையில் யார் சொன்னாலும் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டதில்லை. யூரியா பாடத்தில் படித்த அதே வோலர், 1850-களில் டெவில்லுடன் சேர்ந்து உருகிய அலுமினியத்திலிருந்து மிகக் கடினமான படிகங்களை எடுத்து, அவற்றைப் போரான் என்று அறிவித்தார். அவற்றில் அலுமினியமும் சேர்ந்திருப்பது பிறகு தெரியவந்தது. 1893-இல் முவாசான் உருகிய இரும்பில் கார்பனைக் கரைத்து, சட்டென்று குளிரவைத்து, வைரம் கிடைத்தது என்றார். 1906-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். இருந்தும் அவர் எடுத்தது வைரம்தான் என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்பதில்லை. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ட்ரேசி ஹால் எடுத்ததோ சோதனைகளில் தேறியது. அதே கார்பன், அதே அணு அமைப்பு, அதே கடினம். தேறியதைப் போலி என்று எப்படிச் சொல்வது?

"என்ன இருந்தாலும் பூமியில் விளைந்ததுபோல் வருமா?" என்பீர்கள். கல்லினன் போன்ற மிகப் பெரிய வைரங்களின் வெட்டுத் துண்டுகளை ஆராய்ந்து 2016-இல் ஒரு முடிவு வெளியானது. அவற்றுக்குள் இரும்பு, நிக்கல் துணுக்குகள் சிக்கியிருந்தன. அதாவது பூமியின் ஆழத்தில் அந்தப் பெரிய வைரங்கள் வளர்ந்ததும் உருகிய உலோகத்தில்தான்! 2024-இல் தென் கொரியாவின் உல்சானில் காலியம், இரும்பு, நிக்கல், சிலிக்கான் சேர்ந்த குழம்பில், 1,025 டிகிரியில், சாதாரணக் காற்றழுத்தத்திலேயே மிகச் சிறிய வைரங்களை வளர்த்திருக்கிறார்கள்.

ஆலையில் வளரும் எல்லா வைரமும் உலோகக் குழம்பில் வருவதில்லை. சூரத்தில் பெரும்பாலும் வாயுவிலிருந்து வளர்க்கிறார்கள். அதுவும் வைரமே. 'அமெரிக்கன் டைமண்ட்' மட்டும் வேறு. அது சிர்கோனியம் ஆக்சைடு, அதில் கார்பனே கிடையாது. அதை வைரம் என்று விற்றால்தான் போலி.

அதற்காக, லேப் வைரத்தை வாங்கிக் குவியுங்கள் என்று சொல்லவில்லை. அது சேமிப்பு ஆகாது. ஆலையில் வேண்டிய அளவு வளர்க்கலாம் என்பதால் விலை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது, திரும்ப விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆசைக்குப் போடுங்கள், ஆபத்துக்கு உதவும் என்று நம்பாதீர்கள். நகைக்கடை வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: பில்லில் 'லேப்' என்று தெளிவாக எழுதுங்கள். சொல்லாமல் சுரங்க வைர விலைக்கு விற்பதுதான் ஏமாற்று வேலை. ஏமாற்று கல்லில் இல்லை, பில்லில்தான் இருக்கிறது.

சம்பந்தி வீட்டாரே, கல்லைச் சோதிக்க ஆய்வகம் இருக்கிறது. அதைக் காரணம் காட்டி வீட்டுக்கு வந்த பெண்ணைச் சோதிக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்