கொந்தராத்துக்காரன் போனபின் எஞ்சுவது என்ன?

அந்நியக் கம்பனி வந்து அணை கட்டிக் கொடுத்தால் நாடு முன்னேறிவிட்டதென்று மேடைதோறும் முழங்குகின்றனர். அணை எழும்புவது உண்மை. ஆனால், அடுத்த அணையைக் கட்டும் ஆற்றல் யார் கையில் எஞ்சுகிறது? இதைக் கேட்பார் இலர்.

தென் கொரியாவைப் பாருங்கள். 1965இல் தனியாள் வருமானத்தில் அந்நாடு இலங்கைக்கும் பின்னே நின்றது. அவ்வாண்டில் ஹுண்டாய் கம்பனி தாய்லாந்தின் பட்டானி–நராதிவாட் பெருந்தெருவைக் கொந்தராத்து எடுத்தது. கொரியர் பிறநாட்டில் ஏற்ற முதற் கட்டுமான வேலை அதுவே. தக்க இயந்திரங்களில்லை, அந்நாட்டு மழையை அறிந்த அனுபவமுமில்லை. பெருநட்டம் நேர்ந்தது. எனினும் வேலையை இடைநடுவில் விட்டோடவில்லை. அங்கு கற்ற பாடம், 1968–1970இல் சியோலையும் பூசானையும் இணைக்கும் 428 கிலோமீற்றர் பெருந்தெரு அமைத்தபோது கைகொடுத்தது. அத்தெருவுக்காக 77 பேர் உயிரிழந்தனர் என்பதையும் மறத்தல் தகாது.

1973இல் எண்ணெய் விலை ஏறியது. அரபு நாடுகளில் பணம் குவிந்தது. 1975இல் கொரிய அரசு வெளிநாட்டுக் கட்டுமானத்தை ஊக்குவிக்கத் தனிச் சட்டமே இயற்றியது. 1976இல் சவூதி அரேபியாவின் ஜுபைல் துறைமுகக் கொந்தராத்தை ஹுண்டாய் வென்றது. பாரிய உருக்குச் சட்டகங்களை உல்சானில் செய்து, மிதவைகளில் ஏற்றிப் பாரசீக வளைகுடாவரை இழுத்துச் சென்றது. எண்பதுகளில் எண்ணெய் விலை வீழ்ந்தபோது பல கம்பனிகள் சரிந்தன. எஞ்சியவை கூலி மலிவை மட்டும் நம்பியிராது, ஆலைகளும் மின் நிலையங்களும் அமைக்கும் நுட்பத்தை நாடின. 2009இல் அபுதாபியின் பராக்கா அணுமின் நிலையக் கொந்தராத்தும் கொரியருக்கே கிட்டியது.

நாம் செய்ததென்ன? 1949இல் கல்லோயாவுக்கு அமெரிக்கரின் மொரிசன்-நுட்சன் கம்பனி வந்தது. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையைப் பிரித்தானியக் கம்பனிகளும், கொத்மலை அணையைச் சுவீடன் கம்பனியும் கட்டின. 2008இல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குச் சீனக் கம்பனி வந்தது. வந்தவரின் நாடு மாறியது. நம் நிலை மாறவில்லை. அதே வளைகுடாவுக்குக் கொரியர் கம்பனியாகச் சென்றனர். நம்மவரோ தனித்தனியே, பிறர் கொந்தராத்தில் உழைக்கும் கூலிகளாகச் சென்றனர். நம் பொறியியலாளருக்கு அறிவு குறைவா? அன்று! அவ்வறிவைத் திரட்டி வளர்க்கும் திட்டமே குறைவு.

"கடன் தருபவன் தன் கம்பனியையும் அனுப்புகிறான், என் செய்வது?" என்பர். கடனுக்கு நிபந்தனை விதிக்க அவனுக்கு வாயுண்டாயின், நமக்கில்லையா? வரைபடச் சாலையில் நம் பொறியியலாளருக்கு இடம், உபகொந்தராத்தில் நம் கம்பனிகளுக்குப் பங்கு, வேலை முடிந்தபின் வரைபடமும் கணக்கும் நம் கையில். இவை ஒப்பந்தத்திலேயே எழுதப்படல் வேண்டும். முதல் முயற்சியில் நட்டம் வரலாம், வரட்டும்! கொரியர் நட்டத்தையே கல்விக் கட்டணமாகக் கொண்டனர்.

கமக்காரர் இதை நன்கறிவர். கூலிக்கு ஆள் வைத்து உழுவித்தவன் நெல்லைப் பெறுவான், உழவைக் கற்கமாட்டான். அடுத்த காலபோகத்துக்கும் அவன் கூலியாளின் வரவையே பார்த்து வரம்பில் நிற்கவேண்டும். நம் நாடு இன்னும் எத்தனை போகம் வரம்பில் நிற்கப்போகிறது?