ஹாரி பாட்டர் கதையில் நம்ம ஆபீஸ்

பிள்ளைகள் கையில் மாயமந்திரக் கதைப் புத்தகத்தைக் கொடுக்கலாமா? இந்தக் கேள்வியை எங்கள் அந்தியூர்ப் பக்கம் இரண்டு விதமான பெரியவர்கள் கேட்கிறார்கள். ஒரு சாரார், மந்திரம் சூனியம் எல்லாம் மூடநம்பிக்கை, அதைப் பிஞ்சு மனசில் விதைக்காதீர்கள் என்பவர்கள். இன்னொரு சாரார், மார்க் வாங்குகிற வயதில் கதைப் புத்தகம் எதற்கு என்பவர்கள். இரண்டு பேருக்கும் உள்ள ஒற்றுமை, அந்தப் புத்தகத்தை அவர்கள் திறந்து பார்த்ததில்லை என்பதுதான்.

நான் ஹாரி பாட்டர் ஏழு பாகங்களையும் படித்தவன். என் கருத்து இது: அந்தக் கதையில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவர்கள் மந்திரவாதிகள் அல்ல, அரசு ஊழியர்கள். மேஜையில் உட்கார்ந்து கோப்பு பார்த்தே வேலைக் காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் நம் கதைகளைப் பார்ப்போம். 1947-ல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அம்புலிமாமாவை அறியாதவர் என் வயதில் யாரும் இல்லை. தோளில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனின் படத்தை வரைந்தவர் தாராபுரம் பக்கத்தில் பிறந்த ஓவியர் சங்கர். 2020-ல் மறைந்த அவர் நம்ம கொங்கு மண்ணின் பிள்ளை. அந்தக் காலத்து மாயக் கதைகளில் பாத்திரங்கள் எல்லாம் தெளிவாக இருக்கும். ராஜா, மந்திரி, ஏழை வாலிபன், இளவரசி, எதிரே ஒரு கெட்ட மந்திரவாதி. அவன் உயிர் அவன் உடம்பில் இருக்காது. ஏழு கடல், ஏழு மலை தாண்டி, ஒரு மரப்பொந்தில் இருக்கும் கிளிக்குள் இருக்கும். கிளியைப் பிடித்தால் கதை முடிந்தது.

ஹாரி பாட்டரின் வில்லனும் இதே வார்ப்புதான். வோல்டமார்ட் தன் உயிரைத் துண்டு துண்டாக்கி, மோதிரம், கிண்ணம், பதக்கம், பாம்பு என்று ஒளித்து வைத்தவன். எத்தனை துண்டு வேண்டும் என்று அவன் போட்ட கணக்கும் ஏழுதான். நம்ம பாட்டிமார் கேட்டிருந்தால், 'இது நம்ம கிளிக் கதைதானே' என்று சொல்லியிருப்பார்கள்.

1997-ல் இங்கிலாந்தில் முதல் பாகம் வந்தது, ஏழாவது 2007-ல். நடுவே 1998-ல் பிரெஞ்சில் முதல் பாகம் வெளியானது. மொழிபெயர்த்தவர் ழான் பிரான்சுவா மெனார். நான் படித்தது பிரெஞ்சு வழியில் என்பதால், பேத்தியின் ஆங்கிலப் புத்தகத்தையும் பிரெஞ்சுப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பாத்திரங்களின் பெயர்களில் ஆங்கில வாசகர் கவனிக்காமல் தாண்டிவிடும் பல விஷயங்கள் இதில் கண்ணில் பட்டன. 'வோல்டமார்ட்' என்பதே பிரெஞ்சுச் சொற்களால் ஆன பெயர். 'வோல்' என்றால் பறத்தல், திருட்டு என்று இரண்டு பொருள். 'மோர்' என்றால் சாவு. மால்ஃபோய் என்ற குடும்பப் பெயரில் 'நாணயக்கேடு' ஒளிந்திருக்கிறது. எந்த மாணவன் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் தொப்பிக்கு மெனார் வைத்த பெயர் 'ஷ்வாபோ'. 'ஷாபோ' என்றால் தொப்பி. 'ஷ்வா' என்றால் தேர்வு. இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்கிவிட்டார். கதையின் சாரமே அந்தச் சொல்லில் இருக்கிறது. ஒருவன் யார் என்பதை அவன் பிறப்பு தீர்மானிப்பதில்லை, அவன் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதே தீர்மானிக்கிறது.

இனி நம்ம ஆபீசுக்கு வருவோம். அந்த மந்திர உலகத்துக்கு ஒரு அரசாங்கம் உண்டு. மந்திரத்துறை அமைச்சகம் என்று சொல்லலாம். அதில் துறைகள், பிரிவுகள், சுற்றறிக்கைகள் எல்லாம் இருக்கின்றன. ஹாரியின் நண்பன் ரானுடைய அப்பா ஆர்தர் வீஸ்லி அங்கே ஒரு சின்னப் பிரிவில் வேலை பார்க்கிறார். ஏழு பிள்ளைகள், கைக்கும் வாய்க்குமான சம்பளம். அவர் அறையில் ஜன்னல் இல்லை. கேட்டும் கிடைக்கவில்லை, உங்களுக்கு ஜன்னல் தேவையில்லை என்று மேலிடம் முடிவு செய்துவிட்டது. இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். இப்படி ஒரு அறையில் உட்காராத எழுத்தர் யார்?

அவருடைய மகன் பெர்சி வேறு ரகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொப்பரைகளின் அடிப்பாகம் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்று ராப்பகலாக அறிக்கை எழுதுகிறான். எந்த அதிகாரியைத் தெய்வமாக நினைத்தானோ, அந்த அதிகாரிக்கு இவன் பெயரே சரியாகத் தெரியாது; வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஐந்தாம் பாகத்தில் அமைச்சர் அலுவலகத்தில் அவனுக்குக் கிடைக்கும் பதவியின் பெயர், இளநிலை உதவியாளர். நம்ம குரூப் 4 தேர்வு எழுதிப் போகும் பதவியின் பெயரேதான்! அந்தப் பதவிக்காகப் பெற்றவர்களையும் உடன்பிறந்தவர்களையும் விட்டு விலகுகிறான். கெட்டவன் இல்லை; மேலே இருப்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவன். கடைசிச் சண்டையில்தான் குடும்பத்திடம் திரும்பி வருகிறான்.

இப்போது முக்கியமான பாத்திரம். டோலோரஸ் அம்பிரிட்ஜ். பிரெஞ்சில் 'ஓம்ப்ராழ்', அதாவது நிழல். 2003-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் அறிமுகமாகிறார். ரோஜா நிறச் சட்டை, தலையில் ரிப்பன், குழந்தை மாதிரிக் கொஞ்சும் குரல், சுவரெல்லாம் பூனைக்குட்டிப் படம் போட்ட தட்டுகள். அமைச்சகத்திலிருந்து பள்ளிக்கு அனுப்பப்பட்ட அதிகாரி. மந்திரக்கோலைவிட அந்த அம்மாளுக்குப் பெரிய ஆயுதம் ஆணைகள். கல்வி ஆணை எண் 22, 23, 24 என்று வரிசையாக வருகின்றன. ஓர் ஆணையால் மாணவர்கள் சங்கம் கூடக்கூடாது. இன்னொன்றால் ஆசிரியர்கள் பாடத்தைத் தவிர வேறு எதையும் மாணவர்களிடம் சொல்லக்கூடாது. இன்னொன்றால் ஒரு பத்திரிகைக்குத் தடை. 28-ஆவது ஆணையில் அவரே தலைமையாசிரியர். ஒவ்வொன்றும் முறைப்படி எண்ணிட்டு, கையொப்பமிட்டு, அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. எதிர்த்துப் பேசிய மாணவனுக்கு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதும் தண்டனை. பேனாவுக்கு மை கிடையாது. எழுத எழுத அவன் புறங்கை கீறி, அவன் ரத்தமே மையாகிறது.

"அப்புச்சி, எனக்கு வோல்டமார்ட்டைக் காட்டிலும் அந்த டீச்சரைத்தான் சுத்தமாப் புடிக்கலை" என்றாள் பேத்தி. ஏன் என்றேன். "அவன் நேர்ல வரமாட்டான். இவங்க தினமும் கிளாசுக்கு வருவாங்க."

குழந்தை சரியாகத்தான் சொன்னாள். இன்னொன்றும் உண்டு. அம்பிரிட்ஜ் வோல்டமார்ட்டின் கூட்டத்தில் சேர்ந்தவர் அல்ல. ஏழாம் பாகத்தில் அமைச்சகம் அந்தக் கூட்டத்தின் கைக்குப் போகிறது. ஆட்சி மாறுகிறது, ஆனால் அந்த அம்மாள் அதே கட்டடத்தில் அதே புன்னகையோடு வேலையைத் தொடர்கிறார். மந்திரவாதிகள் அல்லாத பெற்றோருக்குப் பிறந்தவர்களைப் பதிவு செய்யும் ஆணையம் ஒன்றுக்குத் தலைவராகிறார். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உன் மந்திரக்கோலை யாரிடம் திருடினாய் என்று விசாரிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு எழுத்தர் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டும். எனக்கு அம்பிரிட்ஜைவிட அந்த எழுத்தரின் நாற்காலிதான் கண்ணில் உறுத்தியது.

அப்போது அம்பிரிட்ஜ் கழுத்தில் ஒரு பதக்கம் தொங்குகிறது. உரிமம் இல்லாமல் சாமான் விற்ற ஒருவனை விட்டுவிடுவதற்கு லஞ்சமாக வாங்கியது. அதைத் தன் பரம்பரை நகை என்று சொல்லிக்கொள்கிறார். வோல்டமார்ட்டின் உயிரில் ஒரு துண்டு அதற்குள்தான் இருக்கிறது. நம்ம கிளிக் கதையில் உயிரைத் தேடி ஏழு கடல் தாண்ட வேண்டும். இந்தக் கதையில் அது லஞ்சம் வாங்கிய அதிகாரியின் கழுத்திலேயே தொங்குகிறது. எந்தக் கொடியவனும் தனியாக ஆள முடியாது. அவன் உயிரைச் சுமக்க ஓர் ஆபீஸ் வேண்டும் என்பதை இதைவிட எளிமையாகக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

இது இங்கிலாந்துக் கற்பனைதானே என்று தள்ள முடியாது. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடப் போனவர்கள் அரசு ஊழியர்கள். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை. மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடி, 18 பெண்களைச் சீரழித்தார்கள். 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு வந்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். 2023-ல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அத்தனை பேரும் மாதச் சம்பளம் வாங்கியவர்கள், வீட்டில் பிள்ளைகளைக் கொஞ்சியவர்கள். அதே வழக்கில், தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்திலிருந்து நேரில் போய் விசாரித்து, நடந்தது உண்மை என்று அறிக்கை எழுதிய பாமதியும் ஓர் அரசு அதிகாரிதான். அங்கேயும் பேனா, இங்கேயும் பேனா.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். பதிவு ஆணையத்தின் விசாரணையைப் படித்தபோது எனக்கு எங்கள் பர்கூர் மலை ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அங்கே நடப்பது வேட்டை. இங்கே இருப்பது ஒரு பட்டியல். ஆனால் காகிதம் ஒரு மனிதனை யார் என்று தீர்மானிப்பது இரண்டிலும் உண்டு. பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்தில் சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை என்று மாவட்டங்கள் எழுதியிருக்கின்றன. அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம் இல்லை. அதிலிருந்து 1979-ல் பிரிந்த நம்ம ஈரோடும் இல்லை. அதே மக்கள் சேலம் மலையில் இருந்தால் பழங்குடி. பர்கூரில் இருந்தால் இல்லை. சான்றிதழ் கேட்டு மலையிறங்கி வரும் பெற்றோருக்கு, எதிரே உட்கார்ந்திருக்கும் எழுத்தரால் பட்டியலை மாற்ற முடியாது. ஆனால் அவர்களை உட்காரச் சொல்லலாம், விஷயத்தை விளக்கலாம், எங்கே மனு கொடுக்கலாம் என்று சொல்லலாம். 'போய்யா, அப்புறம் வா' என்றும் சொல்லலாம். அந்த இடத்தில் அவர் ஆர்தர் வீஸ்லியா அம்பிரிட்ஜா என்பது அவர் தேர்வு.

இதற்கு மாற்றாகக் கதை காட்டுவது வீரதீர ஹாரியை மட்டுமல்ல. நெவில் என்றொரு பையன். மறதிக்காரன், பயந்தவன், எல்லாரும் கேலி செய்கிறவன். முதல் பாகத்தின் கடைசியில் அவனுக்குப் பத்து மதிப்பெண் கொடுக்கிறார்கள், பேயை வென்றதற்காக அல்ல, தவறு செய்யப் போவதாக நினைத்த தன் நண்பர்களையே வழி மறித்ததற்காக. எதிரியை எதிர்ப்பதைவிடத் தன் ஆட்களை எதிர்ப்பது கடினம். பக்கத்து மேஜைக்காரரிடம் 'இது வேண்டாமுங்க' என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குறையே இல்லாத புத்தகம் என்று நான் சொல்லவில்லை. பார்வதி, பத்மா என்று நம்ம பெயர் வைத்த இரட்டைச் சகோதரிகள் வருகிறார்கள். நடன விருந்துக்குத் துணையாகப் போவதைத் தவிரப் பெரிதாக வேலை இல்லை. பிந்திய பாகங்கள் தலையணை மாதிரி நீளம். மூடநம்பிக்கை என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: துடைப்பத்தில் பறக்கலாம் என்று நம்பி எந்தக் குழந்தையும் மாடியிலிருந்து குதிக்கப் போவதில்லை. ஆனால் முத்திரை குத்திய தாள் எல்லாம் நியாயமானது என்று நம்புகிற பெரியவர்கள் ஏராளம். அந்த மூடநம்பிக்கைக்கு இந்தப் புத்தகம் நல்ல மருந்து.

பிள்ளைகள் படித்து முடித்ததும் 'உனக்கு யாரைப் பிடிக்கும்?' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். 'அந்த அமைச்சகத்தில் உனக்கு வேலை கிடைத்தால் என்ன செய்வாய்?' என்று கேளுங்கள். நம்ம ஊரில் குரூப் 4 எழுதாத வீடு குறைவு. நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் இன்றைக்கு ஏழாவது, எட்டாவது படிக்கிறவர்கள்தான். எங்கள் கிளை நூலகத்தில் இந்தப் புத்தகங்களைச் சிறுவர் பகுதியில் ஒரு செட்டும், போட்டித் தேர்வு வழிகாட்டிகள் இருக்கும் அலமாரியில் இன்னொரு செட்டும் வைக்கலாம் என்பது என் யோசனை.