கேட்காமல் விட்ட தேர்தல்

2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அது முடியுமுன்பே அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும் என்பது 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆவது அரசியலமைப்புத் திருத்தங்களின் கட்டளை. நடக்கவில்லை. இடஒதுக்கீட்டு வழக்கு, வார்டு மறுவரையறை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. பெரும்பாலான கிராமங்கள் 2019 டிசம்பரில்தான் வாக்களித்தன. நகரங்கள் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. சென்னையில் ஒரு முழுப் பதவிக்காலமே கவுன்சிலர் இல்லாமல் கழிந்தது.

அரசைக் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் நாம் என்ன செய்தோம்? சட்டமன்றத் தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போனால் கொந்தளித்திருப்போம். நம் தெருவை ஆள வேண்டியவர்களின் இடத்தில் தனி அலுவலர்கள் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தபோது, தெருவிளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தோம். வழக்குப் போட்டவர்கள் சிலர். மற்ற நாமெல்லாம் அதைக் கட்சிகளின் சண்டையாக எண்ணி ஒதுங்கிக்கொண்டோம்.

தேர்தல் நடந்த ஊர்களிலும் நம் நடத்தை வேறல்ல. கிராம சபையில் உறுப்பினராக யாரும் நம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஊராட்சியின் வரவு செலவை அங்கே எழுந்து கேட்கலாம். இவ்வளவு நேரடியான அதிகாரத்தை அரசியலமைப்பு நமக்கு வேறெங்கும் தரவில்லை. அந்தக் கூட்டத்தை நூறுநாள் வேலைக்கு வருகிறவர்களின் தலையில் கட்டிவிட்டு, படித்த நாம் வீட்டில் இருந்துகொண்டோம். தீர்மானப் புத்தகம் வாசல் தேடி வந்தால், படிக்காமலேயே கையெழுத்துப் போட்டோம். கணக்கு சரியில்லை என்று டீக்கடையில் பேசினோம். பேசவேண்டிய இடத்தில் பேசவில்லை.

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, தலைவராக வந்தவர் முருகேசன். அதைப் பொறுக்காத சாதி வெறியர்கள் 1997 ஜூன் 30 அன்று அவரையும் உடன் ஐவரையும் வெட்டிக் கொன்றார்கள். ஒருவர் உயிரைக் கொடுத்த பதவி அது. அதே பதவி மாநிலம் முழுவதும் காலியாகக் கிடந்தபோது நமக்கு உறைக்கவே இல்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு மறுபடியும் பதவிக்காலம் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அப்போதும் தேர்தல் எப்போது என்று நம்மில் மிகச் சிலரே கேட்டோம்.